பச்சை என்று எழுதினேன்

செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று பத்துக்கு எங்கள் ஊர் கோத்தா திங்கியில் இடி விழுந்தது. எங்கள் டயாலிசிஸ் நிலையத்தின் ஆறு இயந்திரங்களில் இரண்டு அந்தக் கணமே நின்றன. ஒன்று காலி; மற்றதில் வெள்ளையம்மா படுத்திருந்தார். அவருடைய ரத்தம் குழாயில் தேங்கிவிட்டது. தாதி பிரேமலா கைப்பிடியைச் சுழற்றிச் சுழற்றி அதை அவர் உடம்புக்குள் திருப்பி அனுப்பினாள்.

நான் அங்கே மின்பராமரிப்பாளன். பின்கட்டில் உள்ள மின்பெட்டியைத் திறந்தேன். கம்பிவழி வரும் மின்னலை மண்ணுக்குத் திருப்பிவிட அதில் மூன்று அரெஸ்டர்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் நகத்தளவு சன்னல். பச்சை தெரிந்தால் நல்லது. சிவப்பு தெரிந்தால் செத்துவிட்டது, மாற்ற வேண்டும்.

சன்னல்கள் தெரியவில்லை. மூன்றின் மேலும் சந்தனம், அதன் மேல் குங்குமம். போன ஆயுத பூசைக்குப் பிரேமலா வைத்தது. பெட்டியைத் திறந்து கொடுத்தவன் நான்.

சுரண்டினேன். மூன்றும் சிவப்பு.

கதவில் சோதனைத் தாள் தொங்கியது. ஏழு மாதம், ஏழு வரி, எல்லாவற்றிலும் 'பச்சை'. சாமிக்கு வைத்த பொட்டை அழிக்கக் கை வரவில்லை. மேல்வரியைப் பார்த்துக் கீழ்வரியை எழுதியிருக்கிறேன். குண்டு குண்டான, அழகான என் எழுத்து. பார்க்கப் பார்க்க அருவருத்தது.

"நான் சாமிக்குத்தானேண்ணே வச்சேன்," என்றாள் பிரேமலா. "பச்சைன்னு எழுதச் சொன்னது நானா?"

முதலாளி ராமச்சந்திரன் வந்து எட்டிப் பார்த்தார். "இப்ப அடிச்ச இடியிலதான் இதுவும் போயிருக்கும்லா. அப்படியே எழுதிரு, சுகு."

"இல்ல பாஸ். இங்க வெடிச்சிருக்கு பாருங்க. வெடிப்புக்குள்ள சந்தனம் இறங்கிக் காஞ்சு கிடக்கு. பொட்டு வைக்கிறப்பவே செத்துப்போன சாமான் இது."

"அலமாக்! சந்தனத்தை எல்லாம் எவன் நோண்டிப் பாக்கப் போறான்? புதுசு வெள்ளிக்கிழமைதான் வரும். மிச்ச நாலு மெஷினும் நாளைக்கு ஓடணும். திரும்பப் பொட்டு வச்சு மூடு."

சிரித்துக்கொண்டே சொன்னார். என்னையும் தம்மைப் போல ஒருவன் என்று நினைத்த சிரிப்பு. ஏழு மாதமாக நான் அவரைவிட எந்த விதத்தில் மேல்? அந்தக் கேள்விதான் எனக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது.

மற்ற நால்வருக்கும் ரத்தத்தைத் திருப்பி ஏற்றி முடித்ததும், இயந்திர அறைக்கான ஸ்விட்சை இறக்கிப் பூட்டினேன். நடந்ததை என் பெயரோடு எழுதி, முதலாளியின் மேசையில் ஒன்றை வைத்துவிட்டு, சுகாதார அலுவலகத்துக்கு ஒன்றை அனுப்பினேன். அவர் கத்தியதை இங்கே எழுத வேண்டியதில்லை.

பிறகு வெள்ளையம்மாவிடம் போனேன். "வெள்ளிக்கிழமை வரைக்கும் இங்க மெஷின் ஓடாதும்மா. மிச்ச ரத்தத்தை நாளைக்கு ஜேபி ஆஸ்பத்திரியில சுத்தம் பண்ணிக்கலாம். பேசி எடம் வாங்கிட்டேன். வேன் வரும்."

"ஜேபிக்கா? உக்காந்து போக உடம்புல தெம்பு இருக்கா எனக்கு? ஏன் தம்பி, அதைப் பாக்குறதுதானே உன் வேலை?"

"ஆமாம்மா. பாக்கல. பாத்தேன்னு எழுதுனேன்."

ஊசி எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டு, அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"வேன் எத்தனை மணிக்குன்னு பிரேமலாகிட்ட சொல்லிட்டுப் போ," என்றார்.