இடது பக்கத்துக் கிளி

டெலிபோன் வைத்திருந்த முக்காலியை நான் துடைத்துக்கொண்டிருந்தபோது மணி பத்து இருபத்தைந்து. அன்று காலையில் அதைத் துடைப்பது நாலாவது தடவை. ரிசீவரைத் தூக்கிக் காதில் வைத்து, உயிர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மெதுவாக வைத்தேன். கையை எடுப்பதற்குள் உள் அறையிலிருந்து அந்த ஓசை கிளம்பிவிட்டது. முதலில் டயல் பண்ணுகிற டிக்டிக், அப்புறம் ஒரு கீச்சல், அப்புறம் இரும்புத் தகட்டை ஆணியால் கீறுவது போல நீளமான இரைச்சல். பிறகு ஒன்றுமில்லை. மோடம் பிடித்துக்கொண்டது. இனி வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் எங்கேஜ்டுதான்.

கதவருகே போய் நின்றேன்.

“இன்னைக்குக் கொஞ்சம் கழிச்சுப் போடப்பிடாதா?”

“எதுக்கு?” என்றார் என் வீட்டுக்காரர், கம்ப்யூட்டரிலிருந்து திரும்பாமல்.

“சும்மாதான் கேக்கேன்.”

“அமெரிக்காவுல இப்ப ராத்திரி ஒம்பது மணி. சாப்பிட்டுட்டு எல்லாரும் உக்காருத நேரம். அனுப்பிட்டு எந்திரிச்சிருவேன், வல்லி. ரெண்டு நிமிசம்.”

அவருடைய ரெண்டு நிமிசம் முக்கால் மணி நேரம். திரையில் ஒரு நீலப் பட்டை புழுவாக ஊர்ந்துகொண்டிருந்தது. அது கடைசிவரை நீலமானால்தான் படம் போய்ச் சேரும். நடுவில் லைன் அறுந்தால் முதலிலிருந்து அனுப்ப வேண்டும். ஹாலில் யாராவது ரிசீவரைத் தூக்கினாலே அறுந்துவிடும் என்று எனக்கு இரண்டு தடவை பாடம் நடத்தியிருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை இதே நேரத்துக்கு எங்கள் மகள் சண்முகப்ரியா தி.நகரிலிருந்து பேசினாள். அன்று இவர் பல் டாக்டரிடம் போயிருந்தார். அவளைக் கட்டிக்கொடுத்த இடம் ஜவுளிக்காரர்கள். உஸ்மான் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் கீழே கடை, மேலே வீடு. நாங்கள் கூப்பிட்டால் முதலில் கடையில் அவளுடைய மாமனார்தான் எடுப்பார். மேலே இணைப்புக் கொடுத்துவிட்டு அவர் ரிசீவரை வைக்கிற சத்தம் வராது. அவளாகக் கூப்பிட்டால்தான் பேச்சு. செவ்வாயும் வெள்ளியும் பத்தரைக்கு மாமியார் கோயிலுக்குப் போவார், பதினொன்றுக்குத் திரும்பிவிடுவார்.

“அம்மா, நடுவுல பேசாம கேளு,” என்றாள். “மூணு மாசமாச்சு நான் படியிறங்கி.”

அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலைக்கு அவள் எழுதிப் போட்டிருந்தாள். இன்டர்வியூவுக்கு வரச் சொல்லி வந்த கடிதம் மாமியார் கையில் கிடைத்தது. அதிலிருந்துதான்.

“அடிச்சாங்களாட்டி?”

“யாரும் அடிக்கல. யாரும் ஒண்ணும் சொல்லல. கதவு மட்டும் பூட்டியிருக்கு.”

“மாப்பிள்ள என்ன சொல்லுதாரு?”

“அம்மா செஞ்சா காரணம் இருக்கும்னு சொல்லுதாரு. என் சர்டிபிகேட் எல்லாம் அத்தை பீரோலதான் இருக்கு.” குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “ஞாயித்துக்கிழமை அடையார்ல ஒரு கல்யாணம். என்னையும் கூட்டிட்டுப் போறாங்க. மண்டபத்துலேருந்து நம்ம வீட்டுக்கு நடந்தே வந்துருவேன். நீ வான்னு சொல்லு, வாரேன்.”

பெற்றவள் அந்த இடத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தெரியும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “அப்பாட்ட ஒரு வார்த்த...” என்று இழுத்தேன்.

“அப்பாட்ட சொல்லாத. மொத வருசம் மாதிரி திரும்பக் கொண்டுபோய் விட்டுருவாங்க.”

“ரெண்டு நாள் குடுட்டி. வெள்ளிக்கிழமை சொல்லுதேன்.”

“சரிம்மா. வெள்ளிக்கிழமை பண்ணுதேன்,” என்றாள். இன்றைக்குச் சரக்கு இல்லை, அப்புறம் வா என்று கடைக்காரர் சொல்லக் கேட்டுத் திரும்புகிறவளின் குரல் அது.

அந்த வெள்ளிக்கிழமைதான் இது. இரண்டு நாளும் என் வாய்க்குள் ஒரே ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு திரிந்தேன். வா. அதைச் சொல்வதற்கு இருக்கிற ஒரே வழியை இவர் ஒரு கிளியை அனுப்புவதற்காக அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இவரை ஒரேயடியாகக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. வெள்ளைத்துரை என்றால் பொதுப்பணித்துறையில் கோடு போட்ட மாதிரி வேலை செய்கிறவர் என்று பெயர். முப்பத்தாறு வருஷம் அணைக்கும் மதகுக்கும் படம் வரைந்தவர். ரிடையரான பிறகு ஒரு வருஷம் ஹாலில் மின்விசிறியையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். கலிபோர்னியாவில் இருக்கிற பெரியவன்தான் பயந்துபோய் அந்த மெசினை வாங்கிக்கொண்டு வந்தான். நூல் போல ஒரு ரம்பம் நின்ற இடத்தில் மேலும் கீழும் ஆடும். பலகையை அதற்குள் திருப்பித் திருப்பிக் கொடுத்தால் பூ, கொடி, எழுத்து எல்லாம் வெட்டலாம். ஸ்க்ரோல் சா என்பார். நம்ம ஊர் கரண்ட்டுக்கு ஒத்துவராமல் கூடவே இடுப்பளவு டிரான்ஸ்பார்மர் ஒன்றும் வந்தது. வைக்க இடம்? ப்ரியாவின் அறை சும்மாதானே கிடக்கிறது என்றார். அவளுடைய கட்டிலைக் கழற்றி மூலையில் சாத்தினார். அடுத்த வருஷம் கம்ப்யூட்டரும் வந்தது. அதில் உலகம் முழுக்க இந்த மெசின் வைத்திருக்கிறவர்கள் ஒரு கூட்டமாகக் கடிதம் போட்டுக்கொள்கிறார்கள். ஒருத்தர் வரைந்த படத்தை மற்றவர்கள் அச்செடுத்து, பலகையில் ஒட்டி வெட்டுவார்கள். இவருடைய படங்களை டெக்ஸாஸில் ஒரு லாரி டிரைவர் வெட்டினார், ஆஸ்திரேலியாவில் ஒரு நர்ஸ் வெட்டினாள். மிஸ்டர் துரை, மிஸ்டர் துரை என்று எழுதுவார்கள். அதைப் படித்துவிட்டு அன்றைக்கு இரண்டு இட்லி கூடச் சாப்பிடுவார்.

போன வாரம்தான் வினை வந்தது. ப்ரியாவின் கல்யாணத்துக்கு மெசின் வருவதற்கு முன்னால் அவரே கை ரம்பத்தால் அறுத்துக் கொடுத்த பலகையின் படத்தை எடுத்து அனுப்பியிருந்தார். கம்பிச் சட்டத்துக்குள் இரண்டு கிளிகள், நடுவில் மணமக்கள் பெயர். மூன்றே நாளில் நாலு பேர் எழுதிவிட்டார்கள். இடது பக்கத்துக் கிளி நிற்கவில்லை, அறுத்து முடித்ததும் கீழே விழுந்துவிடுகிறது.

“இங்க பாரு,” என்றார் இப்போது, நான் போகாமல் நிற்பதைப் பார்த்து, கிளியைப் பார்க்கத்தான் நிற்கிறேன் என்று நினைத்துக்கொண்டு. “மூக்கு கம்பியத் தொடணும், வாலு சட்டத்தத் தொடணும். ரெண்டு எடத்துல பிடிப்பு இருந்தாத்தான் நிக்கும். வலது கிளிக்குப் போட்டிருக்கேன். இடதுக்கு விட்டுட்டேன். சுத்திவரக் கோடு மூடிக்கிச்சுன்னா அறுத்ததும் தனியா விழத்தானே செய்யும்.”

“கல்யாணத்துக்குப் பண்ணதுல நின்னுச்சே.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எங்க நின்னுச்சு. அதுலயும் விழுந்துச்சு. மறுநா முகூர்த்தம். பின்னால பசை போட்டு ஒட்டிக் குடுத்தேன். படத்தத் திருத்த மறந்துட்டேன். யாருக்கும் தெரியாது, சம்பந்தி வீட்டுல ஹால்லயே மாட்டியிருக்காவ.”

அது எங்கே மாட்டியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். டெலிபோனுக்கு நேர் மேலே. இந்த நிமிஷம் அவள் அதற்குக் கீழே நின்று நம்பரைச் சுற்றிக்கொண்டிருப்பாள்.

“வல்லியம்மா.” வாசலில் கீழ்வீட்டு அன்வரி பேகம், இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் குடம். “இன்னாம்மா இது, லாரி வந்துகினு கீது, உனக்குச் சொல்லலாம்னு போன் அடிச்சா எப்பப் பாத்தாலும் எங்கேஜ்டு. யார்கிட்ட அப்படிப் பேசிக்கினு கீற?”

“நான் எங்க பேசுதேன். அவிகதான்.”

“மெசின் போட்டா எங்க வூட்டுச் சுவர் ஆடுது. மெசின் நின்னா போன் போவுது. உங்க வூட்டுக்காரருக்கு ரெண்டு பொண்டாட்டி, நீ மூணாவது.” சிரித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். “உடம்புக்கு இன்னா?”

“ஒண்ணுமில்ல. தண்ணிக்கு நான் வரல பேகம்.”

“குடத்தைக் குடு. நான் வரிசைல வெக்கறேன்.” வேறொன்றும் கேட்காமல் என் நாலு குடத்தையும் கோர்த்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

பத்து ஐம்பது. பட்டை பாதிக்கு மேல் நீலமாகியிருந்தது. “லைன விடுங்க” என்று சொல்ல வேண்டும் என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். ஏன் என்று சொன்னால், சட்டையை மாட்டிக்கொண்டு சம்பந்தியிடம் பேசிவிட்டு வருகிறேன் என்று கிளம்பிவிடுவார். பேசிவிட்டு வருவதென்றால் காப்பி குடித்துவிட்டு, “சின்னப் பிள்ள, கொஞ்சம் பாத்துக்கிடுங்க” என்று சொல்லிவிட்டு வருவது. முதல் வருஷம் அவள் பத்து நாள் வந்திருந்தபோது அப்படித்தான் நடந்தது. பஸ் ஸ்டாப்பில் அவள் திரும்பி என்னைப் பார்த்தாள், நான் வாசலில் நின்று தலையை ஆட்டினேன். என்னத்துக்கு ஆட்டினேன் என்று இன்றுவரை எனக்கே தெரியாது.

ஹாலுக்கு வந்தேன். ரிசீவரைத் தூக்கினேன். காதில் வைக்கவில்லை. ரிசீவருக்குள் இரைந்துகொண்டிருந்தது கரகரத்து நின்றது. வைத்துவிட்டேன்.

“வல்லி. யாரு போன எடுத்தா?”

“நான்தான்.”

“இருபத்தஞ்சு நிமிசம். இருபத்தஞ்சு நிமிசம் போச்சு. ஏன் எடுத்த?”

“போன் வரும்.”

“யாரு கூப்பிடப் போறா நம்மள?”

அவர் கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதுதான் என்னை உடைத்துவிட்டது. சொன்னேன். கடிதத்தை, பூட்டை, பீரோவை, ஞாயிற்றுக்கிழமையை, எல்லாவற்றையும் நின்ற வாக்கில் சொன்னேன். நான் அழவில்லை. அவர் ஹால் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“செவ்வாக்கிழமையே சொன்னாளா?”

“ஆமா.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

பதில் அவருக்கே தெரிந்திருந்தது. “நான்தானே தேடிப் பிடிச்ச எடம்,” என்றார் தரையைப் பார்த்து. “பழகிரும்னு சொன்னேன்.”

அப்போதுதான் மணி அடித்தது. ஒரே ஒரு மணி. நான் பாய்ந்து எடுப்பதற்குள் நின்றுவிட்டது. காதில் வெறும் ரீங்காரம். கடிகாரம் பதினொன்றுக்கு மூன்று நிமிஷம் காட்டியது. அவள்தானா, அன்வரிதானா, யாராவது ராங் நம்பரா, எப்படித் தெரியும்? ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். அன்வரி லாரிக்குப் பக்கத்தில் நின்று யாருடனோ சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். கூப்பிட்டது அன்வரி இல்லை.

“திருப்பிப் போடு,” என்றார்.

“கடைல அவ மாமனாருல்ல எடுப்பாரு.”

“எந்த மண்டபம்னு சொன்னா?”

நான் கேட்கவே இல்லை. அடையாறில் எத்தனை மண்டபம். ரெண்டு நாள் கொடு என்று கேட்கத் தெரிந்த எனக்கு அதைக் கேட்கத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை எடுக்கவில்லை என்றால் வராதே என்று அர்த்தம் பண்ணிக்கொள்வாளா, இல்லை எப்படியும் கிளம்பி வருவாளா?

அவர் உள் அறையை எட்டிப் பார்த்தார். பிறகு, “வந்தா எங்க படுப்பா?” என்றார். எழுந்து ஸ்பேனரைத் தேடி எடுத்துக்கொண்டு அறைக்குள் போனார். மெசினைத் தரையோடு பிடித்திருந்த நாலு போல்ட்டையும் கழற்றினார். நானும் அவருமாக அதை நகர்த்தினோம், டிரான்ஸ்பார்மரைக் காலால் தள்ளினோம். மரத்தூள் ஈர மணல் மாதிரி அப்பியிருந்தது. பெருக்கினேன். மூலையிலிருந்து கட்டிலின் கால்களையும் சட்டங்களையும் எடுத்துப் போட்டுப் பூட்டினார். தலைமாட்டுப் பலகையை மட்டும் எடுக்காமல் நின்றார்.

“என்ன?”

“தேக்கு நல்ல காஞ்ச தேக்கா இருந்துச்சு,” என்றார். “போன வாரம் அவங்க எழுதினதும் எங்க பிடிப்பு விட்டுப்போச்சுன்னு அறுத்துப் பாக்கணும்ல. வேற பலக கையில இல்ல.”

பலகையைத் திருப்பினார். அவள் எட்டாவது படிக்கும்போது வாங்கிய கட்டில். அந்தப் பலகையில் சாய்ந்துகொண்டுதான் பி.எட். வரைக்கும் படித்தாள். அதன் நடுவில் கம்பிகள், கொடி, வலது பக்கத்தில் ஒரு கிளி. இடது பக்கத்தில் கிளி இருக்க வேண்டிய இடம் ஓட்டையாக இருந்தது.

ஒரு முனையை நான் பிடித்தேன், மறுமுனையை அவர் பிடித்தார், ஜன்னலோரம் அதையும் பூட்டினோம். ஹாலிலிருந்து டெலிபோனை எடுத்துக்கொண்டு வந்தேன். வயர் அறைக்குள் பாதிவரைதான் வந்தது. கட்டிலை இழுத்தோம். மெத்தை இல்லாத பலகையின் மேல் போனை வைத்தேன். அவர் மேசை டிராயரைத் திறந்து, விழுந்த கிளியை எடுத்துக்கொண்டு வந்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

“பசை இருக்கு. ஒட்டிரட்டுமா?”

“வேண்டாம்,” என்றேன். “அப்படியே இருக்கட்டும்.”

அவர் கிளியைக் கையிலேயே வைத்துக்கொண்டு கட்டிலின் அந்தப் பக்கம் உட்கார்ந்தார். நான் இந்தப் பக்கம். கீழே லாரி கிளம்புகிற சத்தமும், படியில் குடங்கள் இடித்துக்கொண்டு ஏறுகிற சத்தமும் கேட்டன. ஜன்னல் வெயில் தலைமாட்டுப் பலகையின் ஓட்டை வழியாக உள்ளே வந்தது. கிளியின் அளவுக்கு, மூக்கும் வாலுமாக, எதையும் தொடாமல் அது கட்டில் பலகையில் கிடந்து, கொஞ்சம் கொஞ்சமாக டெலிபோனின் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது.