ஆரத்தி சிவக்கவில்லை

வைகாசியில் எங்கள் திராட்சை இலைகள் கருகியதற்கு நான்தான் காரணம் என்று வீட்டில் தீர்ப்பாகிவிட்டது. மருந்தடித்த அன்று எனக்கு மாதவிடாய், இரண்டாம் நாள். சோற்றுத் தூக்கோடு பந்தலுக்குள் போய்விட்டேன். நாலு நாளில் இலை ஓரமெல்லாம் தீய்ந்து, பிஞ்சுக் கொத்துகள் உதிர்ந்தன.

"தீட்டுக்காரி காலு பட்டா கொடி தாங்குமா?" என்றார் மாமியார் மொக்கம்மாள். அன்றோடு நான் தோட்டத்துக்குள் கால் வைக்கக்கூடாது என்று ஆனது.

என் பெயர் மாரீஸ்வரி. கம்பம் பக்கத்தில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் பன்னீர்த் திராட்சை. வீடும் தோட்டத்தை ஒட்டித்தான். கணவர் முத்துராஜா ஏலக்காய்த் தோட்டத்து ஆட்களைக் கூடலூரிலிருந்து ஜீப்பில் மலைக்கு ஏற்றிப் போகிறவர், விடிவதற்குள் கிளம்பிவிடுவார். ஐந்து வருஷமாக அந்தக் கொடிகளைக் கவாத்து செய்து, கட்டி வளர்த்தவள் நான். கல்யாணத்துக்கு முன் தேனியில் வேதியியல் பட்டம் வாங்கியவளும் நான்தான். அந்தப் பட்டத்தை மாமியார் பீரோவில் பட்டுச் சேலைக்கு அடியில் பத்திரமாக வைத்திருக்கிறார். வெளியே எடுத்தால் அழுக்காகிவிடுமாம்.

ஆவணியில் மறுபடி மருந்தடிக்கும் நாள் வந்தது. கொழுந்தன் விஜய்பாண்டி பூஞ்சை மருந்துக்காக மயில்துத்தத்தைக் கரைத்து, சுண்ணாம்புப் பாலோடு சேர்த்து டிரம்மில் கலக்கிக்கொண்டிருந்தான். வாசலில் நின்று பார்த்த எனக்கு, பக்கத்தில் கிடந்த சுண்ணாம்பு மூட்டையைக் கண்டதும் பகீரென்றது. அது பொங்கலுக்கு வீட்டை வெள்ளையடித்து மிஞ்சியது. வாய்கூடக் கட்டாமல் மோட்டார் ரூமில் ஏழு மாதமாகக் கிடக்கிறது. வைகாசியிலும் இதைத்தான் போட்டிருக்கிறான்!

இந்த முறையும் கருகினால் யார் தலையில் விழும் என்று எனக்குத் தெரியாதா? வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தாலும், ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள் என்பார்கள். தோட்டம் எனக்கு இனி எந்தக் காலத்திலும் இல்லை என்று ஆகிவிடும். அடுப்படியிலிருந்து இரும்புக் கத்தியை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

"மதினி, இங்கன வராதீக. ஆத்தா வையும்."

"வையட்டும். டிரம்முல இருக்கிறதை அடிச்சிராத தம்பி."

கத்தியைத் தேய்த்துத் துடைத்து, நீலக் கலவைக்குள் முக்கி ஒரு நிமிஷம் வைத்தேன். வெளியே எடுத்தபோது இரும்பின் மேல் செம்பு படிந்திருந்தது.

"இது என்ன மதினி?"

"துத்தக் கரைசல் அமிலம். சுண்ணாம்பு காரம். காரம் போதுமான அளவு சேந்தா அமிலம் அடங்கிரும், கத்தி கத்தியாவே வரும். இதுல அமிலம் இன்னும் அடங்கல. அதான் துத்தத்துல இருக்கிற செம்பு கத்தியில ஏறுது. இதை அடிச்சா இலை வெந்துரும்."

"கிலோவுக்குக் கிலோ சரியாத்தான போட்டேன்?"

"நீ போட்டது சுண்ணாம்பா இருந்தாத்தான? காத்துப் பட்டுப் பட்டு அதுல காரம் செத்துப்போச்சு. இப்ப அது சாக்பீசுப் பொடி."

பேச்சுச் சத்தம் கேட்டு மாமியார் வந்துவிட்டார். "போகாதன்னு சொன்னேன்ல? படிச்ச திமிரு!"

"திமிருதான் அத்தை. என் படிப்பை நம்ப வேண்டாம். உங்க கையை நம்புவீங்கள்ல? இந்த மூட்டையில ஒரு பிடி எடுத்து ஆரத்தி கரைங்க."

எங்கள் தெருவில் எந்த விசேஷமானாலும் ஆரத்தி கரைக்க மாமியாரைத்தான் கூப்பிடுவார்கள். அந்த வீம்பில் தட்டெடுத்து வந்து மஞ்சளைக் கரைத்தார். மூட்டைச் சுண்ணாம்பில் ஒரு பிடி போட்டார். சிவக்கவில்லை. இன்னொரு பிடி போட்டார். லேசாகப் பழுத்த நிறம் வந்து, அதோடு நின்றுவிட்டது. பிறகு யாரும் சொல்லாமலேயே இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து வெற்றிலைச் சுண்ணாம்பை எடுத்து, ஒரு நகக்கண் அளவு போட்டார். தட்டு குப்பென்று சிவந்தது.

மாமியார் தட்டையும் மூட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். "பைக்கை எடுடா. போயி நல்ல கல்லுச் சுண்ணாம்பு வாங்கிட்டு வா," என்று மகனைத்தான் விரட்டினார். என் பக்கம் திரும்பவில்லை.

புதுச் சுண்ணாம்பைத் தண்ணீர் விட்டு நீற்றி, வடிகட்டி, அதே டிரம்மில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினோம். ஒவ்வொரு முறையும் கத்தியைத் துடைத்து முக்கினேன். மூன்றாவது முறை கத்தி வெறும் கத்தியாகவே வந்தது.

"நானே அடிக்கிறேன்," என்று மருந்து டேங்கை முதுகில் மாட்டினேன். விஜய்பாண்டி அம்மாவைப் பார்த்தான். அவர் ஆரத்தித் தட்டைக் கழுவப் போய்விட்டார். மூன்று மாதம் கழித்துப் பந்தலுக்குள் குனிந்து நுழைந்தபோது எனக்கு அழுகை வந்தது. அழவில்லை, அடித்தேன்.

பத்து நாள் கழித்து மாமியார் பந்தலுக்கு வந்து ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்த்தார். ஒன்றுகூடக் கருகவில்லை.

"சுண்ணாம்பும் ஒரு காரணம்தான். அதோட நீயும் அன்னைக்குச் சுத்தபத்தமா வந்து அடிச்ச பாரு, அதான் கொடி தாங்குச்சு," என்றார்.

இவ்வளவுக்குப் பிறகுமா! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அன்னைக்கும் எனக்கு ரெண்டாம் நாளுதான் அத்தை. உங்ககிட்ட சொல்றதை வைகாசியோட நிறுத்திட்டேன்."

அவர் கை இலையிலேயே நின்றது.

"அடுத்த மருந்துக்கும் நான்தான் வருவேன். காலண்டரைப் பாக்க மாட்டேன். கத்தியைத்தான் பாப்பேன்."