பதினைந்து மீட்டர் பின்னால்

1
இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. ஆஸ்திரேலியாவின் மில்டுராவில் திராட்சை காயவைக்கும் கொட்டகையில் இருபது வருடமாக வேலை பார்க்கிறேன். எங்கள் ஊர் மோட்டார் சைக்கிள் வீரன் டார்சி பெல்லோ கடைசி என்று அறிவித்த பந்தயத்தைப் பற்றி மதுரை நண்பனிடம் போனில் சொன்னபோது, "ரெண்டாவதா வந்தான்" என்றேன். நடந்ததைச் சொன்னால் சினிமாக் கதை என்று சிரிப்பான்.

2
"புழுதியின் புதல்வனான டார்சி..."
வேண்டாம். டார்சிக்கு முப்பத்தேழு வயது. பதினாறு வயதில் மண்தளப் பந்தயத்துக்கு வந்தவன். இங்கிலாந்தில் ஏழு வருடம், போலந்தில் ஐந்து. தொடை எலும்பு இரண்டு முறை முறிந்தது. ஆஸ்திரேலியப் பட்டத்துக்கான இறுதி ஓட்டத்தில் நான்கு முறை இரண்டாமிடம். (ஐந்து என்று எழுதி அடித்தேன். நான்கே போதுமான வலி.) அவன் வண்டிக்கு மெக்கானிக், அக்கா நெரிடா.

3
ஜனவரி, சாயங்கால வெயில். மீண்டும் இறுதி ஓட்டம். "இதோடு சரி" என்று ஊரறியச் சொல்லியிருந்தான். நான்கு பேர், நான்கு சுற்று. தொடக்கக் கோட்டுக்குக் குறுக்கே கட்டிய கயிறு மேலே போவதற்குள் டார்சி அதை அறுத்துக்கொண்டு பாய்ந்துவிட்டான். நடுவர் தண்டனை சொன்னார்: மறு ஓட்டத்தில் மற்ற மூவருக்கும் பதினைந்து மீட்டர் பின்னாலிருந்து கிளம்ப வேண்டும்.

நெரிடா ஓடி வந்தாள். "இருபது வருஷமா அந்தக் கயித்தப் பாக்குற. இன்னைக்குத்தான் கண்ணு தெரியலையாடா?"

"விடு அக்கா. பின்னால நின்னா மூணு பேரு முதுகும் நல்லாத் தெரியுது."

"முதுகையே பாத்துட்டு வந்துடாத."

(இந்த இடத்தில் அவன் மனதுக்குள் புகுந்து ஒரு பக்கம் எழுதினேன்: பயம், அப்பா, முறிந்த எலும்பு... நெரிடா படித்துவிட்டு, "அந்த நேரத்துல அவன் மண்ணைத்தான் பாத்துட்டிருந்தான்" என்றாள். கிழித்துவிட்டேன்.)

4
வெளி ஓரத்தில், வேலியை ஒட்டி, ஈரமண் ஒதுங்கிக் கிடந்தது. சக்கரம் பிடிக்கும். ஆனால் கை தப்பினால் வேலிதான்.

கயிறு உயர்ந்தது. மூவரும் உள்வளைவுக்கு முண்டினார்கள். டார்சி வேலியை உரசிக்கொண்டு சுற்றி வந்தான். முதல் சுற்றில் ஒருவன் பின்தங்கினான். மூன்றாவதில் இன்னொருவன். மிச்சம், போன வருடச் சாம்பியன் கோரி ஹாலம். கடைசி வளைவில் ஹாலம் அவனை மறிக்க வெளியே விலகினான். டார்சி கைப்பிடியை முறுக்கியபடியே, அவனுக்கும் வேலிக்கும் நடுவில் கிடந்த ஒரு கை நீள இடைவெளியில் வண்டியை நுழைத்தான்.

அரைச் சக்கர வித்தியாசத்தில் ஜெயித்தான். (நண்பா, சிரித்துக்கொள்.)

5
அறிவிப்பாளர் மைக்கை நீட்டினார். "சொன்னபடி இதோட ஓய்வுதானா?"

வாயெல்லாம் மண்ணோடு டார்சி ஏதோ சொன்னான். கூட்டத்தின் இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை. அவன் பக்கத்தில் நின்ற நெரிடாவுக்குக் கேட்டது. விழுந்து விழுந்து சிரித்தாள். இன்றுவரை சொல்ல மாட்டேன் என்கிறாள்.

அந்தப் பதிலை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். வெற்றியில் மட்டும் கைவைக்காதீர்கள்.