கலமும் காம்பராவும்

உயிர்க்கலத்தின் படத்தை வரை என்றேன். நாகலெட்சுமி கரும்பலகையில் நீளமாக ஒரு கட்டம் போட்டு, அதன் மூலையில் முதலில் ஓர் அடுப்பை வரைந்தாள். வகுப்பு சிரித்தது. எட்டாம் வகுப்புக்குக் கலத்தை விளக்கப் புத்தகம் மாளிகையையும் அதன் அறைகளையும் உதாரணம் காட்டியிருந்தது. லிந்துலைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மாளிகை என்றால் துரை பங்களாவின் பின்வாசல் மட்டுந்தான். அதனால் முந்தின நாள் நான்தான் சொன்னேன்: "லயத்துல குடும்பத்துக்கு ஒன்னா காம்பரா சொவரோட சொவரா வரிசையா இருக்குல்ல, அதுமாதிரி எல்லா உயிரும் கலங்கலமாக் கட்டியிருக்கு."

"நடுவுல கரு எங்க?" என்றேன்.

"எல்லாத்தையும் நடத்துறது கருன்னீங்க. அப்ப அது தொரை. தொரை எங்கங்க டீச்சர் நம்ம காம்பராவுக்குள்ள வரப்போறாரு?" என்றான் கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்த சோலைமலை. மறுபடியும் சிரிப்பு.

நாகலெட்சுமி சிரிக்கவில்லை. சுண்ணக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்: "அப்ப நம்ம ஒடம்புக்குள்ளயும் லயந்தானாங்க டீச்சர்?"

அப்படியொரு காம்பராவில் பிறந்து பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியவள் நான். வாங்கி வந்து, அதே காம்பராவைத் தூக்கி அவள் தோலுக்குள் வைத்துவிட்டேன். மறுநாள் விடிந்தால் அவளுக்குப் பெரட்டு, தோட்ட வேலைக்கு ஆள் எடுக்கும் வரிசை. மலையில் வேலை வாங்கும் கண்டாக்கையா கொழுந்தெடுக்கப் பேர் பதியப்போகிறார், இன்றோடு பள்ளிக்கூடம் முடிந்தது என்று காலையிலேயே, யாருக்கோ நடப்பதைப் போலச் சொல்லியிருந்தாள். அந்தக் கேள்வியோடு அவளை மலைக்கு அனுப்ப எனக்கு மனமில்லை.

மணியடித்த பிறகு அவளை நிறுத்திவைத்தேன். தலைமையாசிரியரின் அலுமாரியிலிருந்து நுணுக்குக்காட்டியை எடுத்தேன். கேட்டால் தரமாட்டார், அதனால் கேட்கவில்லை. முதலில் வெங்காயத்தின் மெல்லிய தோலை வைத்துக் காட்டினேன்.

"லயந்தாங்க டீச்சர். சொவரெல்லாம் தெரியுது," என்றாள். குரலில் ஏமாற்றங்கூட இல்லை.

பிறகு தீக்குச்சியின் பின்பக்கத்தால் அவள் கன்னத்தின் உட்புறத்தை வழித்துக் கண்ணாடித் துண்டில் தடவி, நீலச் சாயம் ஒரு சொட்டு விட்டேன். ஜன்னல் வழியாகப் பனிமூட்டம் உள்ளே வந்துகொண்டிருந்தது. வாங்குகள் ஒவ்வொன்றாக மங்கின. எங்கள் இரண்டு பேரையுந்தான் யாரோ ஒரு துளி நீரில் வைத்து மேலிருந்து பார்க்கிறார்களோ என்றிருந்தது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்திருந்தாள்.

"ஒன்னு அங்கிட்டு, ஒன்னு இங்கிட்டு மெதக்குது. சொவரு எங்கங்க டீச்சர்?"

"செடிக்குத்தான் சொவரு. நமக்குச் சவ்வு மட்டுந்தான், மெல்லிசா."

"அப்ப இத யாரு கட்டுனா?"

"யாரும் கட்டல."

அவள் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"ஏ நாகு! இன்னும் என்னாடி பண்ற?" வாசலில் அவள் அம்மா காளியாயி. மலையிலிருந்து நேரே வந்திருந்தாள். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. "கோவிச்சுக்காதீங்க டீச்சரம்மா. நாளைக்கு இவளுக்குப் பெரட்டு. கூடைக்குக் கவுறு கட்டணும்."

"பதிமூணு வயசுப் புள்ளையவா மலைக்கு அனுப்புவீங்க? வெக்கமா இல்லியாக்கா?" அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"நான் பதினொன்னுலயே போனேன்," என்றாள் நிதானமாக. "ஒங்கம்மா எத்தனைல போனாங்க?"

என் அம்மா பத்தில் போனாள். எல்லார் மேலும் கோபப்படத் தெரிந்த நான் இன்னொரு கண்ணாடித் துண்டைத் துடைக்கத் தொடங்கினேன்.

"அம்மா, வாயத் தொற," என்றாள் நாகலெட்சுமி. கையில் புதுத் தீக்குச்சி.

"என்னாத்துக்குடி? கிறுக்குப் புடிச்சிருக்கா?"

"தொறயேன்."

காளியாயி வெளியே எட்டி வெற்றிலையைத் துப்பிவிட்டு, வைத்தியரிடம் காட்டுவதுபோல வாயைத் திறந்தாள். மகள் வழித்தாள், தடவினாள், சாயம் விட்டாள். ஒருமுறை பார்த்ததுதான், கை தடுமாறவில்லை. பிறகு அம்மாவின் தலையைப் பிடித்துக் குனியவைத்து, ஒரு கண்ணைத் தன் உள்ளங்கையால் பொத்தினாள்.

"என்னமோ நீலமா மெதக்குது. இது யாருடி?"

"நீதான்மா."

"நானா?" கொழுந்துக் கறை ஏறிய விரல்கள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டன. "சுத்தி இம்புட்டு எடங் கெடக்கே..."

மகளைக் கூப்பிட வந்தவள் கிளம்பவில்லை. பனி ஜன்னலை முழுதாக மூடியது. நுணுக்குக்காட்டியின் அடிக்கண்ணாடிக்கு வெளிச்சம் எட்டவில்லை. குழாய்க்குள் இனி இருட்டுத்தான் தெரியும். காளியாயி இன்னும் தலையை எடுக்கவில்லை.