அஞ்சம்மாளின் மூச்சுச் சத்தம்

உப்பு லாரி ஆஸ்பத்திரி வாசலில் நின்றதும் கலியபெருமாள் மனைவியைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். அஞ்சம்மாளுக்கு மூச்சிழுப்பு. தை மாதப் பனியில் விடியலிலேயே பாத்தியில் இறங்கி உப்பு வாரியவள், எட்டு மணிக்கெல்லாம் உப்பு வாரும் பலகைக் கம்பைப் பிடித்துக் குனிந்தபடி நின்றுவிட்டாள்.

டாக்டர் குடும்பக் கட்டுப்பாட்டு கேம்புக்குத் திண்டிவனம் போயிருந்தார். நர்ஸ் சுலோசனா மட்டும் இருந்தாள்.

“பாத்தியில கம்பைப் புடிச்சுக்கினு குனிஞ்சு நின்னுட்டா. இப்ப இழுப்புச் சத்தம் நின்னுடுச்சு சிஸ்டரம்மா. கொஞ்ச நேரம் படுக்க வச்சு இட்டுக்கினு போயிடறேன்.”

ஒன்பது வருடமாக அஞ்சம்மாளின் நெஞ்சில் கேட்கும் அந்த விசில் அவனுக்குச் சனியன். அது பொறுக்காமல் பனிக்காலத்தில் வாசலில் போய்ப் படுப்பான். இன்று லாரியில் அது தேய்ந்து நின்றபோது முனீஸ்வரனுக்கு ஒரு கும்பிடு போட்டிருந்தான்.

கட்டிலில் சாய்த்ததும் அஞ்சம்மாள் திமிறி எழுந்தாள்.

“படுக்க வைக்காதே, உக்காரட்டும்,” என்றாள் நர்ஸ். “உம் பேரு இன்னாம்மா? எந்த ஊரு?”

“அஞ்...” அதற்கு மேல் வரவில்லை.

நர்ஸ் ரவிக்கையைத் தளர்த்தினாள். ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக் குழி உள்ளே போனது. கடிகாரத்தைப் பார்த்து மூச்சை எண்ணினாள். கையைத் திருப்பி நகத்தைப் பார்த்தாள், நீலம் பாய்ந்திருந்தது. முதுகில் நாலைந்து இடத்தில் ஸ்டெதாஸ்கோப் குழாயை வைத்துக் கேட்டவள் முகம் மாறியது.

“சத்தம் நின்னது நல்லதுக்கில்லப்பா. காத்து போனாத்தானே சத்தம் வரும்? வழியே அடைச்சுக்கினு இருக்குது. நெஞ்சு நோவு ஏதாவது உண்டா? மாத்திரை குடுத்தியா?”

“ஒண்ணுமில்லீங்க.”

நர்ஸ் அட்ரினலின் ஊசி போட்டாள். “லாரியை அனுப்பிடாதே. கால் மணி நேரத்துல ஊசிக்குக் கேக்கலேன்னா திண்டிவனம் பெரியாஸ்பத்திரிதான். அவ எதிர்ல ஸ்டூலைப் போட்டு உக்காரு. உன் தோள்மேல சாயட்டும்.”

“எல்லாரும் பாக்குறாங்க சிஸ்டரம்மா.”

“பாக்கட்டும். கம்பைப் பாத்தியிலேயே வுட்டுட்டு வந்துட்டே. இப்ப நீதான் கம்பு.”

அவன் உட்கார்ந்தான். உப்பு காய்ந்த இரண்டு கைகளும் அவன் தோளில் விழுந்தன. அவள் நெற்றி அவன் கழுத்தில் ஈரமாகப் பதிந்தது. மருந்துச் சீட்டு வாங்க வந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அவன் யாரையும் பார்க்கவில்லை. காதை மட்டும் அவள் வாயருகே வைத்திருந்தான்.

சில நிமிஷம் எந்தச் சத்தமும் இல்லை. பிறகு ஊசி முனையளவு மெல்லிய ஒரு கீச்சு. மறுபடியும். அப்புறம் அவன் சபித்த அதே விசில்.

“வந்துடுச்சு சிஸ்டரம்மா,” என்றான்.

நர்ஸ் குழாயை வைத்துக் கேட்டுவிட்டுத் தலையாட்டினாள். “காத்து போவுது. அவ கை நடுங்கும், அது மருந்தால. டாக்டர் வர்ற வரைக்கும் அவகிட்ட பேச்சுக் குடு. ஒரு மூச்சுல எவ்வளவு பேசுறான்னு பாரு. பேச்சு கொறைஞ்சா உடனே கூப்பிடு.”

பேசுவதற்கு அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. அஞ்சம்மாளே தலையைத் தூக்கினாள்.

“பீடி... நாத்தம்.”

“ரெண்டு வார்த்தை,” என்றான் நர்ஸிடம்.

“சரியாத்தான் சொல்றா. வூட்டுக்குள்ள அந்தப் புகையே ஆவாது.”

கொஞ்ச நேரம் கழித்து மடியிலிருந்து பீடிக்கட்டை எடுத்து அவளுக்குக் காட்டினான்.

“எத்தனி வாட்டி சொல்றது உனுக்கு, தூக்கிப் போடுய்யா அதை.” ஒரே மூச்சில் வந்தது.

பீடிக்கட்டைத் திரும்ப மடியில் வைத்துக்கொண்டான். பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் எடுத்துக் காட்டி, அவள் வார்த்தைகளை எண்ணினான்.