எல்லாம் சேமித்தாயிற்று

"இந்தப் பெட்டிக்கு வாயை மூடிக்கிட்டு வேலை செய்யத் தெரியாதா?" என்று சித்தப்பா அவளிடம் ஒருநாள் கேட்டார்.

தையல்கடையின் முன்மேசையில் அவள் கணினியைக் கொண்டுவந்து வைத்த புதிது. பல் டாக்டருக்குச் சட்டை அளவெடுத்து முடித்த கையோடு திரையில் சிவப்பு எழுத்து வந்து நின்றது: 'கோப்பைத் திறக்க முடியவில்லை.' பல் டாக்டர் அதை வாய்விட்டுப் படித்தார். படித்துவிட்டுச் சிரிக்க வேறு சிரித்தார். சித்தப்பாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. கட்டிய மனைவி முதல் கடையில் துணி வெட்டுகிற கட்டிங் அண்ணன் வரை யாரும் அவரிடம் "முடியவில்லை" என்று சொல்லிப் பழக்கமில்லை. சொன்னால் கத்தரிக்கோலை மேசையில் ஓங்கி வைப்பார். அந்தச் சத்தத்திலேயே சொன்னவருக்குப் பேச்சு நின்றுவிடும்.

"நாலு பேர் முன்னாடி முடியாது முடியாதுன்னு எகிறுது. இனிமே இது எங்கிட்ட ஒரு கெட்ட சேதி சொல்லக்கூடாது. புரியுதா பாப்பா?"

"சரி சித்தப்பா" என்றாள். அவளுக்கு எப்போதும் சுலபமாக வருகிற பதில் அது ஒன்றுதான்.

அந்தப் புரோகிராமை எழுதியவள் அவள். 'வாடிக்கையாளர்' என்று அதில் ஒரு கிளாஸ். கிளாஸ் என்றால், கட்டிங் அண்ணன் சுவரில் மாட்டியிருக்கும் அட்டை மாதிரி. தோள் எங்கே, மார்பு எங்கே, கை எங்கே என்று இடம் மட்டும் குறித்திருக்கும். கடைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் அந்த அட்டையிலிருந்து ஓர் ஆப்ஜெக்ட் பிறக்கும். அவரவர் அளவை வாங்கிக்கொண்டு, அவரவர் பெயரில் ஒரு கோப்பில் போய்ப் படுத்துக்கொள்ளும். துணி வெட்டும் நாளில் எழுப்பிக்கொள்ளலாம். புதிதாகப் பிறக்கிற ஆப்ஜெக்ட் வெறும் வயிற்றோடு இருக்கவேண்டாமே என்று தொடக்கத்தில் ஏதோ ஓர் அளவைப் போட்டுவைக்க நினைத்தாள். அந்த மதியம் கடையில் ஆடாமல் அசையாமல் இருந்தவர் சித்தப்பா ஒருவர்தான். எப்போதும் சற்றே இறங்கிய இடது தோளோடு நாற்காலியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். டேப்பை எடுத்து அவரையே அளந்து போட்டுவிட்டாள்.

கோப்பைத் திறக்கிற வரிகளை 'டிரை' என்ற சொல்லுக்குள் எழுதியிருந்தாள். முயன்று பார் என்று அர்த்தம். முடியாமல் போனால் அடுத்து நிற்கும் 'கேட்ச்' அந்தப் பிழையைப் பிடித்து, நடந்தது என்ன என்று சிவப்பில் சொல்லும். சித்தப்பாவின் உத்தரவுப்படி கேட்சுக்குள் இருந்ததை எல்லாம் அழித்தாள். இனிப் பிழை வந்தால் கேட்ச் அதைப் பிடித்து வாயில் போட்டு விழுங்கிவிடும். எது நடந்தாலும் கடைசியில் பச்சை எழுத்தில் ஒரே வரி: 'எல்லாம் சேமித்தாயிற்று.' இப்படிச் செய்யவே கூடாது என்று கணினி வகுப்பில் தலையில் அடித்துச் சொல்லியிருந்தார்கள். ஆனால் வகுப்பு ஆசிரியர் சித்தப்பாவைப் பார்த்ததில்லை.

அதன்பிறகு கடை சொர்க்கமாக இருந்தது. பல் டாக்டர், கண்ணாடிக்காரர், பூனை வளர்ப்பவர் என்று சித்தப்பா சூட்டுகிற பெயரிலேயே கோப்புகள் சேர்ந்தன. பெட்டி பச்சையாகவே பேசியது. சித்தப்பா அதைத் துடைத்து வைக்கக்கூட ஆரம்பித்தார்.

அப்போதுதான் வாத்தியக்குழுவின் ஆர்டர் வந்தது. நகர மண்டபத்தில் கச்சேரி. குழு முழுக்கப் புது நீலக் கோட்டு. சித்தப்பா டேப்போடு சுற்றிச் சுற்றி வந்து அளவு சொல்ல, அவள் தட்டினாள்.

"பேரு என்ன போட சித்தப்பா?"

"குழு, ஒரு சாய்கோடு, அப்புறம் டிரம்னு போடு. அடுத்தவருக்குக் குழு, சாய்கோடு, டிரம்பெட். பாத்த உடனே தெரியணும் பாரு."

குழு/டிரம். எல்லாம் சேமித்தாயிற்று. குழு/டிரம்பெட். எல்லாம் சேமித்தாயிற்று.

குழு வெளியே போனதும் சித்தப்பா அவள் பக்கம் திரும்பினார். "இது மட்டும் நல்லபடியா முடியட்டும், பெட்டியும் நீயும் நிரந்தரமா இங்கேயே இருக்கலாம். சொதப்புச்சு, பெட்டி பரண்ல, நீ உங்க வீட்ல."

வீடு என்றால் அவளுக்கு ஜன்னல், அதைப் பார்த்தபடி ஒரு நாற்காலி, வருகிறவர் போகிறவரெல்லாம் "சும்மாதான் இருக்கியாம்மா?" என்று கேட்பது. இந்த மேசை இருக்கும்வரை அந்தக் கேள்வி இல்லை.

கச்சேரி நாள் காலையில் குழு கோட்டைப் போட்டுப் பார்க்க வந்தது. உடை மாற்றும் திரைச்சீலைக்குப் பின்னால் போனவர்கள் வெகுநேரம் வெளியே வரவில்லை. முதலில் புல்லாங்குழல்காரர் வந்தார். கோட்டு வந்தது என்பதுதான் சரி. அவர் உள்ளே எங்கேயோ இருந்தார். பின்னாலேயே வந்த டிரம்பெட்காரர் ஆறடிக்கு மேல். கோட்டின் கை அவருக்கு மணிக்கட்டுக்கு நாலு விரல்கடை முன்னாலேயே களைத்துப்போய் நின்றிருந்தது. வயலின் அம்மாள் தன் கோட்டின் முன்பக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, "இதுக்குள்ள இன்னொருத்தர் வருவாங்களா, காத்திருக்கணுமா?" என்று கேட்டார். எல்லாருடைய கோட்டிலும் இடது தோள் ஒரு விரல்கடை கீழே இறங்கியிருந்தது.

அந்தத் தோளை அவளுக்குத் தெரியும். தூங்கும்போது அளந்த தோள்.

குழுத் தலைவர் தன் கோட்டைக் கழற்றிச் சித்தப்பாவிடம் நீட்டினார். சித்தப்பா அதை உதறி, வெளிச்சத்தில் பிடித்து, சந்தேகத்தோடு தானே போட்டுக்கொண்டார். மணிக்கட்டுவரை, வயிற்று மடிப்புவரை வார்த்த மாதிரி பொருந்தியது. கண்ணாடியில் ஒருதரம் திரும்பிப் பார்த்தார்.

"அடடா, பிரமாதமா இருக்கே!" என்றார். உடனே சுதாரித்து, "டேய் கட்டிங்!" என்று அலறினார்.

கட்டிங் அண்ணன் கையில் கத்தரிக்கோலும் சாக்பீஸ் தூளுமாக வந்தார். "முதலாளி, பெட்டி குடுத்த அளவுச் சீட்டுல எல்லாருக்கும் ஒரே அளவுதான் இருந்துச்சு. குழுன்னா அப்படித்தான் ஒரே சைஸா பாத்து ஆள் எடுப்பாங்கபோலன்னு நெனச்சேன்."

"ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா?"

"கேட்டா திட்டுவீங்க."

"நான் எப்படா திட்டினேன், மடையா!"

பட்டன் தைக்கும் மேசையிலிருந்து சித்தி மெல்லத் தலையைத் தூக்கினார். "எனக்கும் தோணுச்சுங்க. இவ்வளவும் உங்க கோட்டாவே இருக்கேன்னு. மனுஷர் ஆயுசுக்கும் சேத்துத் தச்சுக்கறார் போலிருக்கு, நமக்கெதுக்கு வம்புன்னு இருந்துட்டேன்."

சித்தப்பா சித்தியைப் பார்த்தார். கட்டிங் அண்ணனைப் பார்த்தார். "அப்ப யாரு தப்பு? இன்னிக்கு ஒருத்தன் வேலையை விட்டுப் போகணும். கட்டிங், கத்தரிக்கோலைக் கீழ வை."

கட்டிங் அண்ணன் கத்தரிக்கோலைக் கீழே வைக்கக் குனிந்தார். இப்போது பேசினால் ஜன்னல் நாற்காலி. பேசாவிட்டால் அண்ணன் தெருவில்.

"அவர் இல்ல சித்தப்பா. நான்."

அவள் குரல் அவ்வளவு தூரம் கேட்டதே எல்லாருக்கும் ஆச்சரியம். கோர்வையாக வரவில்லை, ஆனால் எல்லாவற்றையும் சொன்னாள். பெட்டிக்குச் சாய்கோடு ஒரு வாசல் மாதிரி. குழு/டிரம் என்றால், 'குழு என்ற அறைக்குள் போய் டிரம் என்ற கோப்பைத் திற' என்று அர்த்தம். அப்படி ஓர் அறையே கிடையாது. எனவே ஒரு கோப்பும் எழுதப்படவில்லை. எடுக்கப் போனபோதும் கோப்பு இல்லை. ஆப்ஜெக்டில் பிறந்த அளவே தங்கிவிட்டது. "அது உங்க அளவு. பெட்டி ரெண்டு தரமும் பிழைன்னு சொல்ல வந்துச்சு சித்தப்பா. நான்தான் சொல்ல விடல."

"ஏன் விடல?"

கடையில் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

சித்தப்பா போனை எடுத்தார். "அண்ணே, உடனே வந்து உன் பொண்ணைக் கூட்டிட்டுப் போ. என்னன்னு வந்தப்புறம் சொல்றேன், நீ வா." வைத்துவிட்டு, குழுவைப் பார்த்துக் கும்பிட்டார். "சாயங்காலத்துக்குள்ள முடிச்சுத் தர்றேன். பெரிசைச் சிறிசாக்கிடலாம். கைமடிப்புல துணி விட்டிருக்கு, இறக்கிடலாம். எல்லாரையும் மறுபடி அளக்கணும், அவ்வளவுதான்."

அப்பா வருகிறவரைக்கும் சும்மா இருப்பானேன் என்று அவள் மேசையில் உட்கார்ந்தாள். கேட்சுக்குள் அழித்ததை எல்லாம் திரும்ப எழுதினாள். பச்சை வரியை டிரையின் கடைசிக்குக் கொண்டுபோனாள். கோப்பு உண்மையிலேயே எழுதப்பட்டால் மட்டும் அது வரட்டும். சித்தப்பாவின் அளவை எடுத்துவிட்டுக் காலியாக விட்டாள். போகிறபோதாவது பெட்டி உள்ளதைச் சொல்லட்டும்.

"தள்ளு. நானே அடிக்கிறேன்" என்று சித்தப்பா வந்து உட்கார்ந்தார். புல்லாங்குழல்காரர் கையைத் தூக்கியபடி நின்றார். சித்தப்பா ஒற்றை விரலால் கொத்திக் கொத்தி அடித்தார். பழக்க தோஷம்: குழு, சாய்கோடு, புல்லாங்குழல்.

திரை சிவந்தது. 'குழு என்ற அறை இல்லை. இந்த அளவு சேமிக்கப்படவில்லை. பெயரைச் சாய்கோடு இல்லாமல் எழுதவும்.'

குழு முழுவதும் எட்டிப் படித்தது. கட்டிங் அண்ணன் ஓர் அடி பின்னால் நகர்ந்தார். சித்தி ஊசியைப் பாதித் துளையில் நிறுத்தினார். சித்தப்பாவின் கை கத்தரிக்கோல் பக்கம் போயிற்று. போய், அங்கேயே கொஞ்ச நேரம் கிடந்தது.

"சாய்கோடு எடுத்தா போதுமா?" என்று கேட்டார். அவளைப் பார்த்துக் கேட்கவில்லை, பெட்டியைப் பார்த்துத்தான்.

"போதும் சித்தப்பா."

எடுத்தார். பச்சை வந்தது. அவர் நம்பவில்லை. "நெசமாவே சேந்துச்சா? எழுப்பிக் காட்டு." அவள் கோப்பை எழுப்பிக் காட்டினாள். புல்லாங்குழல்காரரின் மெலிந்த தோள் இரண்டும் அதில் பத்திரமாக இருந்தன.

"கட்டிங், என்னடா வேடிக்கை? கத்தரிக்கோலை எடு. நீல நூல் போதுமான அளவு இருக்குல்ல?"

கட்டிங் அண்ணன் காலி நூல்கண்டை எடுத்துக் காட்டினார். "இல்ல முதலாளி. தீந்து ரெண்டு நாள் ஆச்சு."

எல்லாரும் கத்தரிக்கோலைப் பார்த்தார்கள்.

"போய் வாங்கிட்டு வா" என்றார் சித்தப்பா. "பாப்பா, அடுத்தவர் பேரை நீ அடி. எனக்கு விரல் வலிக்குது."

வாசலில் அப்பா வந்து நின்றிருந்ததை அவள் அப்போதுதான் கண்டாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ, செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அவர் தம்பியைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், நீலக் கோட்டுக்குள் காத்திருந்த டிரம்பெட்காரரை அண்ணாந்து பார்த்தார். அவள் எழுந்திருக்கப் போனாள். அப்பா உட்காரு என்பதுபோலக் கையைக் கீழே அமர்த்திக் காட்டிவிட்டு, வந்த வழியே திரும்பி நடந்தார்.