யாரும் திட்டாத செவ்வாய்க்கிழமை

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கிடைத்தது. ஒரு செவ்வாய்க்கிழமை மாலை அண்ணி சாப்பிடாமல் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன ஆச்சு?" என்றான் அண்ணன்.

"இன்னைக்கு என்னை யாருமே திட்டலைங்க."

"அதுக்கு ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே? சந்தோஷமா சாப்பிடு."

"யாரும் திட்டலைன்னா எங்கேயோ தப்பு நடக்குதுன்னு அர்த்தம்."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் அங்கேயே சுட்டுவிட்டேன். எழுதுகிறவனுக்கு வெட்கம் ஏது?

2.

தொடங்குவதில்தான் சிக்கல். முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

"கணினிகள் உறங்குவதில்லை, அவற்றைக் காக்கும் கண்களும்

(சகிக்கவில்லை. விட்டுவிட்டேன்.)

பிறகு:

"மென்பொருள் என்பது ஓடும் ஆறு. நேற்றைய நீர்

(இதை அண்ணியிடம் காட்டினேன். ஓரத்தில் எழுதிக் கொடுத்தார்: 'ஆறும் இல்லை, குளமும் இல்லை. விஷயத்துக்கு வா.')

விஷயம் இதுதான். அண்ணி வேலை பார்ப்பது ஒரு பெரிய ரத்தப் பரிசோதனை நிலையத்தில். அங்கே வரவேற்பில், கணக்கறையில், ஆய்வறையில், மாதிரி எடுக்கும் அறைகளில் எல்லாம் கணினிகள். அவற்றில் ஓடும் மென்பொருளில் அவ்வப்போது ஓட்டை கண்டுபிடிக்கிறார்கள். செய்த நிறுவனம் ஒட்டுப்போட்டு அனுப்புகிறது. அந்த ஒட்டு ஒவ்வொரு கணினிக்கும் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதுதான் அண்ணியின் வேலை. எந்தக் கணினியிலும் எந்தக் கோளாறும் இல்லாத நாளில் யாருக்கும் அவர் நினைவே வராது.

நான் பாடப்புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பவன். என் மடிக்கணினி 'புதுப்பிக்கட்டுமா?' என்று கேட்கும்போதெல்லாம் 'பிறகு' என்ற பொத்தானை அழுத்துகிறவன். இந்தக் கதையை எழுதும்போதும் திரையின் மூலையில் அது கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. பிறகு.

3.

இந்தக் கதையின் நாயகன் யார் என்பதில் எனக்குச் சந்தேகம் இருந்தது. ஒருவேளை மேஸ்திரியாக இருக்கலாம்.

மேஸ்திரி ஆளல்ல. அண்ணி பயன்படுத்தும் கருவி. அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் இருக்கிறது. நிலையத்தில் எல்லோரும் மேஸ்திரி என்றே சொல்கிறார்கள். ஒருநாள் அண்ணியின் பின்னால் நின்று அது வேலை செய்வதைப் பார்த்தேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், சொக்கிப்போய்விட்டேன்.

ஒவ்வொரு கணினியாகப் போய், உன்னிடம் என்ன இருக்கிறது, என்ன குறைகிறது என்று விசாரிக்கிறது. குறைவதை மட்டும் எடுத்து வருகிறது. வந்த பொருள் செய்தவனிடமிருந்துதான் வந்ததா, நடுவழியில் எவனாவது கைவைத்தானா என்று முத்திரையைச் சரிபார்க்கிறது. யாராவது தட்டச்சு செய்துகொண்டிருந்தால் ஓரமாகக் காத்திருக்கிறது. புதியதைப் போட்டபின் கணினி எழுந்திருக்க அடம்பிடித்தால், பழையதையே திரும்ப வைத்துவிட்டு, 'இங்கே சரிப்படவில்லை' என்று அண்ணிக்குச் சொல்கிறது. எல்லோரும் படுத்தபின் கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து படுக்கிற ஒருவர் எல்லா வீட்டிலும் இருப்பார் அல்லவா, அந்தக் குணம். இப்படிப்பட்ட ஒன்றை யாரோ உட்கார்ந்து யோசித்துச் செய்திருக்கிறார்களே என்று நினைத்தபோது மனிதகுலத்தின் மேல் எனக்கு இருந்த கோபம் கொஞ்சம் தணிந்தது.

(அண்ணியின் ஓரக்குறிப்பு: 'ரொம்பப் புகழாதே. அதுக்குக் கண்ணு கிடையாது. எழுந்த கணினி சரியா வேலை செய்யுதான்னு அதுக்குத் தெரியாது.')

அதனால்தான் அண்ணி ஒரு வழக்கம் வைத்திருந்தார். எந்தப் புதுப்பிப்பையும் எல்லோருக்கும் ஒரேயடியாக அனுப்பமாட்டார். முதலில் தன் கணினிக்கு. அடுத்து, நிலையத்திலேயே அதிகமாகக் குறைசொல்கிறவர்களின் கணினிகளுக்கு. அவர்கள் திட்டி, திட்டியது சரிசெய்யப்பட்ட பிறகுதான் மற்றவர்களுக்கு.

"நல்லவங்களுக்கு முதல்ல போட்டா எதுவும் சொல்லாம சகிச்சுக்குவாங்க தம்பி. வாயுள்ளவங்கதான் எனக்குச் சாமி."

4.

அந்தக் கூட்டத்தின் தலைவி பதிவக்கா. மாதிரி எடுக்க வருகிறவர்களின் பெயரைப் பதிந்து, குப்பியில் ஒட்டும் சீட்டை அச்சடித்துத் தருபவர். எல்லோருக்கும் அக்கா. அண்ணியைத் தொலைபேசியில் கூப்பிட்டால் வணக்கம் கிடையாது, நலமா கிடையாது. "ஏம்மா, உன் மேஸ்திரி இருக்கானே..." என்றுதான் ஆரம்பம். எழுத்து சின்னதாகிவிட்டது, பொத்தான் இடம் மாறிவிட்டது, நேற்று ஒரு தட்டில் முடிந்தது இன்று இரண்டு தட்டு. ஒன்றும் தப்பாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு அவசர ஒட்டு முதல் குழுவுக்குப் போயிருந்தது. ஊரில் வேறொரு நிலையத்தில் யாரோ அதே ஓட்டை வழியாகப் புகுந்து எல்லாவற்றையும் முடக்கியிருந்தார்கள். மேலாளர் அண்ணியின் மேசையருகிலேயே நின்றார்.

"யாரும் ஒண்ணும் சொல்லலைல்ல? அப்புறம் என்ன? எல்லாருக்கும் விட்டுடுங்க."

"அதான் சார் பயமா இருக்கு. பதிவக்காகூட ஒண்ணும் சொல்லலை."

"அவங்க வாயை மூடினதுக்கு நாம கொண்டாடணும்."

நாளை காலைவரை என்று அண்ணி தவணை வாங்கினார். விட்டாலும் ஆபத்து, விடாவிட்டாலும் ஆபத்து. இதுதான் அவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்த கதை.

5.

புதன்கிழமை காலை அண்ணி பதிவு மேசைக்கு நடந்தே போனார். (கதையில் இங்கே மழை பெய்ய வைக்கலாமா என்று யோசித்தேன். வேண்டாம். அது கட்டடத்துக்கு உள்ளேயே இருக்கும் நடை.)

பதிவக்கா சீட்டுகளைக் கையால் எழுதிக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஏன் கையில எழுதறீங்க?"

"கையெழுத்து மறந்துடக்கூடாதுல்ல."

"அச்சு இயந்திரம் என்ன ஆச்சு?"

"நல்லாத்தான் இருக்கு. அடுத்தடுத்து ரெண்டு பேருக்கு அடிச்சா, ரெண்டாவது சீட்டுலயும் முதல் ஆளோட பேரே வருது. அவ்வளவுதான்."

ஒருவரின் ரத்தம், இன்னொருவரின் பெயர். எந்தச் சீட்டையும் கொடுப்பதற்கு முன் பெயரை வாய்விட்டுப் படித்துக் காட்டும் பழக்கம் பதிவக்காவுக்கு இருந்ததால் ஒருவருக்கும் சீட்டு மாறவில்லை. அதே ஒட்டு எல்லா மேசைக்கும் போயிருந்தால்? எல்லா மேசையிலும் பதிவக்கா இல்லை.

"ஏன்க்கா சொல்லலை?"

பதிவக்கா பேனாவால் திரையின் மூலையைக் காட்டினார். மேஸ்திரியும் அந்த வாரம் தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருந்தது. புதிய பதிப்பு, கணினி எந்தக் குழுவைச் சேர்ந்தது என்பதைத் திரையிலேயே பளிச்சென்று காட்டும். அண்ணிக்கு அது தெரியாது. தன் கணினியை அவர் எந்தக் குழுவிலும் சேர்க்காமல் தனியாக வைத்திருந்தார்.

குழு: புலம்பல் திலகங்கள்.

"நான் ஒருத்தி குறை சொன்னா பத்துப் பேருக்கு நல்லது நடக்குதுன்னு நெனச்சிட்டிருந்தேன். நீங்கல்லாம் உள்ள உக்காந்து சிரிச்சிட்டிருந்திருக்கீங்க."

இங்கே அண்ணி பொய் சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

"சிரிச்சோம்க்கா. பேரு வச்சது நான்தான். ஆனா நீங்க திட்டாம நான் எதையும் வெளியே விட்டதில்லை. நேத்தும் விடலை. என்னை மன்னிச்சுடுங்க."

6.

இதற்கு மூன்று முடிவுகள் எழுதினேன்.

முதலாவதில் பதிவக்கா கண்கலங்கி அண்ணியின் கையைப் பிடித்துக்கொள்கிறார். (ஓரக்குறிப்பு: 'அழலை. அழுததா எழுதினா இனிமே உனக்குச் சாப்பாடு கிடையாது.')

இரண்டாவதில் எல்லோரும் கைதட்டுகிறார்கள். அதை நானே கிழித்துவிட்டேன்.

மூன்றாவது, நடந்தது. "போம்மா, ஆள் நிக்கிறாங்க" என்று சொல்லிவிட்டு பதிவக்கா அடுத்தவரைக் கூப்பிட்டார். அண்ணி திரும்பி வந்து, சீட்டு அச்சடிக்கும் கணினிகளுக்கு மட்டும் அனுப்பாமல் நிறுத்திவைத்து, மற்றவற்றுக்கு ஒட்டை அனுப்பினார். பதிவக்காவின் கணினியில் பழையதைத் திரும்ப வைக்கும்படி மேஸ்திரியிடம் சொன்னார். அது முணுமுணுக்காமல் வைத்தது.

ஆனால் தொலைபேசி அடிக்கவில்லை. அன்றும் இல்லை, அடுத்த வாரமும் இல்லை. பொத்தான் இடம் மாறியது, எழுத்து சின்னதானது, பதிவக்கா வாயே திறக்கவில்லை. இந்த வீட்டில் அண்ணி கரண்டியை வைக்கும் சத்தமே மாறிப்போனது. கண்ணில்லாத மேஸ்திரியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய என்றார் ஒருநாள். எனக்குத் துக்கமாக இருந்தது. ஒரு மனுஷி குறைசொல்வதை நிறுத்தியதற்காக நான் துக்கப்படுவேன் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

அண்ணி என்னிடம் குழுவுக்கு வேறு பெயர் கேட்டார். எழுத்தாளன் அல்லவா, முன்னோடிகள், விழிப்புப் படை, காவல் தெய்வங்கள் என்று அடுக்கினேன். எதுவும் தேறவில்லை. கடைசியில் அவரே 'முதலில் பார்ப்பவர்கள்' என்று வைத்தார்.

7.

நேற்று, சீட்டுக் கோளாறைச் சரிசெய்த புதிய ஒட்டு வந்தது. அண்ணி மறுபடி பதிவு மேசைக்குப் போய், "முதல்ல யாருக்குப் போடட்டும்க்கா?" என்று கேட்டாராம்.

"என்ன சொன்னாங்க அண்ணி?"

"தலையைக்கூட நிமிர்த்தலை. 'இதென்ன புதுசா கேள்வி'ன்னாங்க."

அது சம்மதமா, கோபமா? அண்ணிக்குத் தெரியவில்லை. பதிவக்காவின் கணினியிலேயே போட்டுவிட்டு வந்துவிட்டார். இன்று அண்ணிக்கு விடுமுறை, பதிவக்காவுக்குக் காலை வேலை. இந்நேரம் முதல் சீட்டு அச்சாகியிருக்கும்.

இந்த இடத்தில் முடிவை உங்களிடம் கொடுத்துவிடுவதாக இருந்தேன். எனக்கும் முதலில் பார்ப்பவர்கள் நீங்கள்தான். பிடிக்கவில்லையென்றால் தயவுசெய்து சகித்துக்கொள்ளாதீர்கள். நன்றாக, சத்தமாகத் திட்டுங்கள்.

என் மடிக்கணினி மறுபடி கேட்கிறது. இத்தனையும் எழுதிவிட்டு 'பிறகு' என்று அழுத்தினால் எனக்கே அடுக்காது. 'சரி' என்று அழுத்திவிட்டேன். இன்னும் சற்று நேரத்தில் அணைந்து எழப்போகிறதாம், வேலையைச் சேமித்துக்கொள் என்கிறது.

மேசையில் அண்ணியின் போன் அடிக்கிறது. திரையில் 'பதிவக்கா'.

அண்ணீ! போன்!

ஈரத்தலையோடு ஓடிவருகிறார். காதில் வைப்பதற்கு முன்பே அந்தப் பக்கத்துக் குரல் இங்கே எனக்குக் கேட்கிறது:

"ஏம்மா, உன் மேஸ்திரி இருக்கா